வெறும் தேன்தான்

மார்ச் 4

காலையில் முகம் கழுவப் போனவளை அக்கா பாதி வழியில் நிறுத்திவிட்டாள். "கழுவாதே. அப்படியே வா."

சமையலறை மேடையில் வெந்நீர், எலுமிச்சை, தேன் பாட்டில், கண்ணாடி டம்ளர் எல்லாம் விருந்தாளிக்கு வைத்ததுபோல வரிசையாக இருந்தன. எப்போதும் அக்கா பேசுவாள், அத்தான் கேமராவைப் பிடிப்பார், நான் விளக்கைப் பிடிப்பேன். வெறும் வயிற்றில் தேன், இருமலுக்குத் தேன், தூக்கத்துக்குத் தேன். பேசி முடித்ததும் கீழே எங்கள் பாட்டிலின் படம் வரும், வேண்டியவர்கள் வாங்குவார்கள். இன்றைக்கு விளக்கை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"முகத்துக்குத் தேன் நல்லதுன்னு சொல்லப்போறோம். வாயால சொன்னா போதுமா? ஒரு முகம் வேணாமா?"

வீட்டில் நாலு முகம் இருக்கின்றன. எந்த முகம் என்று நான் கேட்கவில்லை.

அத்தான் கேமராவை என் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "இன்னும் கொஞ்சம் திருப்பு. ஆங், அந்தச் சீழ் வச்சது இருக்கு பாரு, அது தெளிவா வரணும்." கெட்ட மனுஷன் இல்லை. ஸ்குரூ கழற்றுகிறவர் ஸ்பேனர் கேட்பதுபோலக் கேட்டார்.

அம்மா விளக்கைப் பிடித்தபடி சொன்னாள், "அவளுக்கு அழகான முகம். உனக்குத் தங்கமான மனசு. ரெண்டும் சேந்தா குடும்பம் முன்னுக்கு வரும்."

தங்கமான மனசை யாரும் கேமராவில் கேட்கவில்லை.

மார்ச் 9

வந்துவிட்டது. இடது பாதியில் என் முகம், மேலே 'முன்' என்று பெரிய எழுத்தில். வலது பாதியில் 'பின்' – அங்கே கேள்விக்குறி. "என் தங்கச்சி முகம் மாறுவதை நீங்களே பாருங்க" என்று அக்கா கண் கலங்கச் சொல்கிறாள். உண்மையிலேயே கலங்குகிறது. அவளால் முடியும்.

வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ஆகவே எல்லாவற்றையும் நான்தான் படிக்க வேண்டும்.

"பாவம் இந்தப் பொண்ணு."
"சாப்பிடும்போது பாத்துட்டேன். தட்டை மூடி வச்சுட்டேன்."
"அக்கா இவ்ளோ அழகா இருக்காங்க, தங்கச்சியைக் குப்பைத்தொட்டியில எடுத்தாங்களா?"

கடைசிக்கு நானூறு பேர் சிரித்திருந்தார்கள். அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"பைத்தியமா? பேசட்டும்டி. பேசினாத்தான் ஓடும். ஒரு நன்றி போட்டு விடு."

நன்றி என்று எழுதினேன்.

மார்ச் 15

ஒரு தாய் கேட்டிருந்தாள், ஏழு மாதக் குழந்தைக்கு இருமல், தேன் கொடுக்கலாமா என்று. ஒரு வயது ஆகும்வரை வேண்டவே வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதினேன். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்திலேயே இருந்தது.

அக்கா அதை அழித்துவிட்டு என்னிடம் வந்தாள். "வாங்க வந்தவங்களை வேணாம்னு திருப்பி அனுப்புற வாய் இந்த உலகத்துல உன் வாய் ஒண்ணுதான்."

"குழந்தைக்கா –"

"நான் குடுன்னு எழுதினேனா? ஒண்ணும் எழுதல. அவ்வளவுதான்."

அப்புறம் நானே தனியாக அந்தத் தாய்க்கு எழுதினேன். அக்காவுக்குத் தெரியாது. இந்த வீட்டில் நான் ஒளித்துச் செய்த முதல் காரியம்.

மார்ச் 22

நாள் முழுக்கப் பாட்டில் அடைத்தேன். அரை மணிக்கு ஒருத்தர் அதே கேள்வி: தேன் உறைந்துவிட்டது, சர்க்கரை கலந்தீர்களா? நல்ல தேனும் குளிரில் உறையும், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிற்க வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

தேன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அம்மா மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்தாள். இஞ்சிச் சாற்றில் ஒரு கரண்டி கலந்து கொடுத்தேன், இன்றைக்கு நன்றாகத் தூங்குகிறாள். சூடான ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன் மேல் தேன் விட்டால் – அது ஓரத்தில் வழிவதற்குள் நாக்கை நீட்ட வேண்டும் – அந்த ஒரு நிமிஷம் நான் யாருடைய தங்கச்சியும் இல்லை.

ஆனால் முகத்தில் தினம் பூசி என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. பரு தன் பாட்டுக்கு வருகிறது, போகிறது.

ஏப்ரல் 2

நாளைக்கு அடுத்த 'முன்'. இலவங்கப்பட்டை கலந்து பட்டைத் தேன் என்று புதிதாக ஒன்று வரப்போகிறது. மாலையில் அக்காவே வந்து பூசிவிட்டாள். தேன், எலுமிச்சை, ஒரு சின்னக் குப்பியிலிருந்து பட்டை எண்ணெய்.

எரிந்தது. கழுவிவிடட்டுமா என்றேன். "காயட்டும். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இப்போது கன்னம் இரண்டும் அடித்த மாதிரிச் சிவந்திருக்கின்றன. தலையணை பட்டால்கூட –

ஏப்ரல் 3

படம் எடுத்தாயிற்று. நான் பக்கத்து அறையில் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்தார்கள்.

அத்தான் கேட்டார், "ரொம்பச் செவந்துடுச்சே. எண்ணெய் ஜாஸ்தியா?"

"அளவு எனக்குத் தெரியும். போன தடவை வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியலன்னு நீங்கதானே சொன்னீங்க? செவந்தாத்தான் கேமராவுக்குத் தெரியும்."

"வலிக்குமே அவளுக்கு."

"அவ மூஞ்சி ஏற்கனவே அப்படித்தானே."

அத்தான் சிரிக்கவில்லை. தட்டில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டேதான் பேசியிருக்கிறார்கள்.

என் கூடப் பிறந்தவள்தானே? ஒரே சீப்பில் தலை வாரினோமே. எதுக்குடி? எதுக்கு?

ஏப்ரல் 8

தபால் ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோல் டாக்டரிடம் போனேன். நடுத்தர வயது, கறாரான பெண்மணி. விளக்கை இழுத்து என் முகத்தைப் பார்த்தார். அத்தானும் அதே மாதிரித்தான் விளக்கை இழுப்பார். ஆனால் இவர் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

"எதைப் பூசினே?"

சொன்னேன்.

"தேனைச் சாப்பிடும்மா, நல்லது. பட்டை எண்ணெயை எவனாவது மூஞ்சியில ஊத்துவானா? யார் குடுத்த யோசனை?"

இணையத்தில் பார்த்தேன் என்றேன். பொய் இல்லை.

ஒரு களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். புண்ணானால் உடனே வர வேண்டுமாம். "சீக்கிரம் வந்தா தோல் பழையபடி ஆயிடும். ஆறப்போட்டா கறுத்துடும். கறுத்தது கறுத்ததுதான்."

ஏப்ரல் 9

களிம்பு டியூப் என் பழைய காலணிக்குள் இருக்கிறது. அந்தக் காலணியை யாரும் தொட மாட்டார்கள்.

மே 3

கண்ணாடி பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. முன்பு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்தபோது நாள் முழுக்கக் கண்ணாடிகளுக்கு நடுவில் நின்றேன்; அடுத்தவர்கள் முகத்தில் ஃபிரேமை மாட்டிச் சரிசெய்வேன். ஒரு நாள் ஒரு பெண், "இந்தப் பொண்ணு கை என் முகத்துல படறது ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்ல, முதலாளியம்மா என்னை உள்ளே லென்ஸ் துடைக்க அனுப்பினார். அந்த வாரமே நின்றுவிட்டேன்.

இன்று குளியலறையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வலது கன்னத்தில் பரு ஒன்றுகூட இல்லை. விரலால் தடவினேன். இடறவில்லை.

மே 11

அக்கா கண்டுபிடித்துவிட்டாள். டியூபைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனேடி." தேன் ஒழுகுகிற குரல். "நான் என்ன உன் எதிரியா?"

டியூபைத் திருப்பியும் கொடுத்தாள். முகவாயைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். சந்தையில் காய் பார்க்கிற பார்வை.

"புதன்கிழமை 'பின்' எடுத்துடலாம்."

மே 14

எடுத்தோம். எனக்குப் பேச்சுக்கூட எழுதிக் கொடுக்கவில்லை. "உன் மனசுல வர்றதைச் சொல்லு" என்றாள்.

"என்ன பூசினீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒண்ணுமே இல்லீங்க. வெறும் தேன்தான்."

நான்தான் சொன்னேன். யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. சொல்லும்போது நன்றாகச் சிரித்தேன் என்று அத்தான் சொன்னார். இரண்டாவது தடவை எடுக்கவே வேண்டியிருக்கவில்லையாம்.

மே 20

பாட்டில் போதவில்லை. அம்மாவும் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறாள்.

நான் கீழே வருகிறவற்றைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். சாப்பிடும்போதும் படிக்கிறேன். "தேவதை மாதிரி இருக்கீங்க." "கண்ணு எவ்ளோ அழகு, இத்தனை நாள் கவனிக்கவே இல்ல." தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? நக்குகிறேன்.

ஒருவர் எழுதியிருந்தார்: "அக்காவைவிடத் தங்கச்சிதான் அழகு." அதற்குக் கீழே இரண்டாயிரம் இதயங்கள்.

அக்காவும் படித்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்தச் சொன்னேன். நகர்த்தினாள், என்னைப் பார்க்காமல்.

மே 23

"டியூபை நிறுத்திடு" என்றாள் அக்கா. சாதாரணமாக, துணி காயப்போடச் சொல்கிற மாதிரி. "மறுபடி கொஞ்சம் வரட்டும். ரெண்டாம் பாகம் எடுக்கணும்."

"முடியாது."

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். "அக்கா வீட்டுல உக்காந்துக்கிட்டு முடியாதுன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டியா?"

"என் மூஞ்சிம்மா அது."

"அந்த மூஞ்சிதான் நமக்குச் சோறு போடுது" என்றாள் அம்மா. அதைப் பெருமையாகத்தான் சொன்னாள் என்று இப்போது எழுதும்போது புரிகிறது.

மே 27

பழைய மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளியம்மா போன் செய்தார்! வீடியோ பார்த்தாராம். கவுன்ட்டருக்கே எடுத்துக்கொள்கிறாராம். கடைக்கு மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது, தங்கிக்கொள்ளலாமாம். ஜூன் இரண்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

வரேன் என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 1

சாமான் கட்டியாயிற்று, ஒரு பெட்டிதான். மாலையில் அக்கா கிண்ணத்தோடு வந்தாள். "நாளையிலேருந்து நாலு பேர் பாக்கிற இடத்துல நிக்கப்போற. பளிச்சுன்னு போ." என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மடியில் படுத்து எத்தனை வருஷம் இருக்கும்! அவள் விரல்கள் குளிர்ச்சியாக இருந்தன.

பட்டை வாசனை வந்தது. கண்ணைத் திறந்தேன்.

"வாசனைக்கு ஒரு துளி. ஒண்ணும் ஆகாது. கண்ணை மூடு."

மூடினேன்.

ஏன் மூடினேன்?

ஜூன் 2

வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. எழுதவும் –

ஜூன் 4

இப்போதுதான் வலது கண் முழுக்கத் திறக்கிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு எரிய ஆரம்பித்ததும் எழுந்திருக்கப் பார்த்தேன். தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுடி, கொஞ்சம் பொறு" என்று பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தாள். கையைத் தட்டிவிட்டு நான் குழாய்க்கு ஓடியபோது கன்னத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது.

மறுநாள் காலையில் அக்கா கதவோரம் நின்று பார்த்தாள். "இந்த மூஞ்சியோட கவுன்ட்டர்ல நிக்க முடியாதே. பரவாயில்ல விடு. நம்ம வீட்டுலயே இரு."

அப்படியும் துப்பட்டாவால் மூடிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளியம்மா துணியை விலக்கச் சொன்னார். விலக்கினேன். ஃபிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் தள்ளி நின்றார். "ஆறினப்புறம் பாக்கலாம்மா" என்றார் முதலாளியம்மா. ஆறுவதற்குள் வேறு பெண்ணை எடுத்துவிடுவார். அதில் தப்பும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அத்தான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "தீப்புண்ணுக்குத் தேன் நல்லதுன்னு ஒண்ணு எடுத்துடலாமா? அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொல்லிடு. வீணாப்போறதுக்கு இதாவது…"

எடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன். கண்ணீர் வந்தது. அது நன்றாக ஓடும் என்றார்கள்.

ஜூன் 5

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். ஆனால், "நாள் கடத்தாம வந்துட்ட. தழும்பு வராது" என்றார்.

ஜூன் 28

சொன்னபடியே ஆகிவிட்டது. புதுத் தோல். முன்னைவிட நிறமாகக்கூட இருக்கிறது.

அக்கா பார்த்துவிட்டு, "பாத்தியா, தேன் எப்படி ஆத்திடுச்சு!" என்றாள். என்னிடமே! கேமரா இல்லை, யாரும் இல்லை, என்னிடமே சொல்கிறாள். நம்புகிறாளோ?

ஜூலை 10

பட்டைத் தேன் பத்தொன்பதாம் தேதி வருகிறது. லைவ் போடப்போகிறாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் முகத்தில் பூசிக் காட்டுவாளாம். "பயப்படாதே, எண்ணெய் கலக்க மாட்டேன். சும்மா தேனும் பட்டைத் தூளும்."

சரிக்கா என்றேன். கிண்ணத்தை நான் கலக்கி வைக்கிறேன் என்றும் சொன்னேன். வேலை குறைந்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

ஜூலை 19

முடிந்தது. முதலிலிருந்து எழுதுகிறேன், ஒன்றும் விடாமல்.

அக்கா பச்சைப் புடவையில் வந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் அழகிதான். பேச ஆரம்பித்ததும் பார்க்கிற கூட்டம் ஏறியது. "இப்ப என் தங்கச்சி முகத்துல –" என்று அவள் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டியபோது நான் முதலில் எடுத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு ஒரு மாறுதலுக்கு அக்கா உக்காரட்டுமே! எத்தனை நாள் எனக்குப் பூசிவிட்டாங்க. நான் ஒரு நாள் பூசக் கூடாதா? நீங்களே சொல்லுங்க!"

ஆமாம் ஆமாம் என்று கொட்டியது. இதயங்களாகப் பறந்தன. அத்தான் கட்டைவிரலை உயர்த்தினார். அக்கா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்?

முதல் விரல் நெற்றியில் பட்டதும் அவளுக்கு வாசனை தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அருகில், மிக அருகில். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. அளவு அவளுக்குத் தெரியும் அல்லவா? நான் அளவே பார்க்கவில்லை. குப்பியைக் கவிழ்த்திருந்தேன்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'வேண்டாம், எரியும்.' சொன்னால் அலமாரி நிறைய இருக்கிற பட்டைத் தேனை யார் வாங்குவார்கள்? சொல்லவில்லை. நான் பூசினேன். கன்னம், மூக்கு, முகவாய். ஒரு இடம் விடவில்லை.

"எப்படிக்கா இருக்கு?"

"குளு… குளுன்னு இருக்கு."

"கண்ணுல தண்ணி வருதே?"

"சந்தோஷம்டி."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். தோளில் கை வைத்தேன், பாசமாகத்தான் தெரிந்திருக்கும். "காயட்டும்க்கா. எப்பவும் நீதானே சொல்லுவ." பார்க்கிறவர்களுக்காக வெந்நீரில் தேன் கலப்பதைப் பற்றிப் பேசினேன், உறைந்த தேனை இளக்குவதைப் பற்றிப் பேசினேன், பல்லுக்கு ஆகுமா என்று ஒருவர் கேட்டதற்கு வாய் கொப்பளிக்கச் சொன்னேன். என் கைக்குக் கீழே அவள் தோள் துள்ளிக்கொண்டே இருந்தது. புடவை நுனியைப் பிசைந்துகொண்டு சிரித்தாள், சிரித்தாள்.

அத்தானுக்குப் புரிந்துவிட்டது. நிறுத்தலாமா என்று ஜாடை காட்டினார். பிறகு திரையைப் பார்த்தார். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை.

முடிந்ததும் அவள் குழாயடிக்கு ஓடினாள். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

கிணற்றுத் தண்ணீர்போல இத்தனை நாள் மூடி வைத்திருந்த ஒரு சந்தோஷம் – என்ன எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 20

அம்மா என் அறைக்கு வந்தாள். "அவ மூஞ்சியைப் போய்ப் பாரு. உன் கைதானா?"

"ஆமா."

அடிப்பாள் என்று நின்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கீழே போனாள். ராத்திரி சாப்பாட்டில் முதல் தட்டை என் முன்னால் வைத்தாள்.

ஜூலை 21

பட்டைத் தேன் முழுக்கப் போய்விட்டது. அத்தான் என்னிடம் கேட்கிறார், அடுத்தது எப்போது எடுக்கலாம் என்று. என்னிடம்.

ஜூலை 22

அக்கா அறையில் ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. கஞ்சி கொண்டுபோனேன். கொப்புளம் உடைந்து ஒரு பக்கம் நீர் வடிகிறது. நான் வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே பேசினாள்.

"அந்த டாக்டர்… எங்க இருக்காங்க?"

பெயரோ விலாசமோ நான் யாரிடமும் சொன்னதில்லை. டியூபின் மேல் கடைச் சீட்டுகூட இல்லை.

"இந்த முகத்தோட தனியா வெளிய போக முடியாதுடி. நீ கூட்டிட்டுப் போறியா?"

"போலாம்க்கா. நாளைக்கு."

ஜூலை 26

காலையில் ரொட்டி, தேன். பதினொரு மணிக்குப் படப்பிடிப்பு. தொண்டைக் கட்டுக்குத் தேன் என்று பேசினேன், ஒரே தடவையில் சரியாக வந்தது. அம்மா விளக்கைப் பிடித்தாள்.

மத்தியானம் அக்காவுக்குத் தட்டு கொண்டுபோனேன். சேலை கட்டி, தலைவாரி, முகத்தில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில். காலையிலிருந்து அப்படியே இருக்கிறாள் போல.

துணியை விலக்கிப் பார்த்தேன். நெற்றி ஓரம் ஆறிவிட்டது. கன்னத்தில் கறுக்க ஆரம்பித்திருக்கிறது.

"இன்னிக்குப் போலாமா?" என்றாள்.

"இன்னிக்கு வேலை இருக்குக்கா. நாளைக்குப் போலாம்."

நேற்றும் நாளைக்கு என்றுதான் சொன்னேன்.